ஏரிக் கண்காணி காரி மலையன் இட்ட மூன்று செங்குறிகள்

மழை அளவறிந்து பெய்க, மதகுகள் நிலைபெறுக, குடிகள் நலமுறுக. செங்கழுநீர் நாட்டை ஆளும் விசயமாராயரின் திருவாய்மொழியைப் பொறிக்கும் ஓலைநாயகம் அரையன் அரவணையான், கீழ்மண்டலம் காக்கும் நாடாள்வார் குமரன் ஏழிசையார்க்கு விடுக்கும் ஓலை.

பேரேரிக் கண்காணி காரி மலையனின் வலக்கை விரல்களைக் களைந்து நாடு கடத்துமாறு தங்கள் மன்று அளித்த தீர்ப்பு, அரச ஒப்பத்துக்காக இங்கு வந்தது. கரை விரிசல் கண்டதும் தொடுபலகையில் ஏரிப் படத்தின்மேல் செங்குறி இடுவது அவர் கடமை. இட்ட குறி நிலைத்தால் தலைநகரில் மணி ஒலிக்கும், ஆட்கள் விரைவர். கரை உடைந்த அன்று காலை அவர் மும்முறை குறியிட்டு மும்முறையும் தம் விரலாலேயே அழித்தார் என்று பலகையின் பதிவு சொன்னது. பலகையில் குறையில்லை என்று முத்திரையிட்டுச் சான்றளித்தவர், அதன் செயலியை வடிவமைத்த வெண்காடி அம்மையார். அந்தச் சான்றே காரியாரைச் சிறையில் தள்ளியது.

தீர்ப்புக்குப் பின்னரே வெண்காடியார் பதிவை மீண்டும் படித்தார். குறி இட்டதற்கும் அழித்ததற்கும் இடையே ஒரு மூச்சளவும் இல்லை. மனம் மாறி அழிப்பவன் இவ்வளவு விரைவாக அழிப்பானா என்ற ஐயம் அவரை உறங்கவிடவில்லை. எவரிடமும் சொல்லாமல் பலகையை எடுத்துக்கொண்டு, இரண்டு நாள் வழி கடந்து, தங்கள் ஊர்ச் சிறைக்கே சென்றார். அன்று செய்ததை அப்படியே செய்து காட்டுமாறு காரியாரை வேண்டினார்.

காரியார் முதலில் கையை நீர்க்குடத்தில் நனைத்துக்கொண்டார். அன்று மழை என்பதை வெண்காடியார் அப்போதுதான் நினைத்துப் பார்த்தாராம். மண்வெட்டி பிடித்துக் காய்த்த அந்த விரல், செங்குறிப் பொத்தானையும் அதையொட்டி இருந்த அழிப்புப் பொத்தானையும் ஒருசேர மூடியது. குறி தோன்றியது. தோன்றிய இடத்திலேயே மறைந்தது.

காரியார் சொன்னதை அவர் வாய்மொழியாகவே இங்குப் பொறிக்கிறோம்: "அம்மா, மூணு தரமும் இப்படித்தான். செவப்பு வந்துச்சு, போயிடுச்சு. அரமணையில பாத்துட்டாங்க, அதான் மறையுதுன்னு நெனச்சேன். ஆளு வந்துருவாங்க, வீட்டுலயே இருன்னு சேந்திகிட்ட சொல்லிட்டு மதகுக்கு ஓடினேன்."

சேந்தி அவர் மனைவி. கரை உடைந்தபோது வெள்ளம் முதலில் கொண்டுபோனது அந்த வீட்டைத்தான்.

வெண்காடியார் தம் விரலைக் காரியாரின் விரலருகே வைத்துப் பார்த்தார். அவருடைய இரண்டு விரல் சேர்ந்தால்தான் காரியாரின் ஒரு விரல். அரண்மனைக் கூடத்தில் அமர்ந்து, உலர்ந்த தம் விரலால் தொட்டுத் தொட்டே அவர் அந்தப் பொத்தான்களை அரிசியளவில் அமைத்திருந்தார். ஓர் ஏரிக் கண்காணியின் கையையேனும் அதுவரை அவர் பார்த்ததில்லை.

திரும்பி வந்து, குற்றம் தமதே என்றும், அந்தத் தண்டனை தமக்கே உரியதென்றும் அவையில் உரைத்தார். மாராயர் நம்பவில்லை. நீர் கொணரச் செய்து, மோதிரம் அணிந்த தம் கையை நனைத்துத் தாமே தொட்டார். குறி மறைந்தது. மீண்டும் தொட்டார், மீண்டும் மறைந்தது. நாட்டின் எல்லா ஏரிகளிலும் இதே பலகைதானா என்று மட்டும் மன்னர் வினவினார். ஆம் என்று கேட்டபின் அரியணையில் அமராமல் நின்றே இருந்தார்.

ஆதலின் பிறந்த ஆணை இது. தீர்ப்பு இந்நொடியே நீங்கியது. ஓலை கைக்கு வந்ததும் நாடாள்வாரே சென்று சிறைக்கதவைத் திறக்க வேண்டும். பழைய பலகைகளைத் திரும்பப் பெறுக. அதுவரை கரைதோறும் முரசறைவோர் நிற்க. வெண்காடியார் தண்டிக்கப்படவில்லை, ஆயினும் தலைநகருக்குத் திரும்பவும் இசைவில்லை. அவர் பேரேரிக் கரையிலேயே தங்கிப் புதுப் பலகை சமைப்பார். செங்குறி கட்டைவிரல் அகலம் இருக்கும். அழிப்பு எதிர் ஓரத்துக்குப் போகும், அழிக்கவா என்று கேட்ட பின்னரே அழிக்கும், அழித்ததையும் மீட்டுத் தரும். தலைநகர் கண்டால் மட்டுமே பச்சை விளக்கு எரியும். கண்காணிகள் நனைந்த கையால் தொட்டுப் பார்த்துச் சரியென்று சொல்லும்வரை ஒரு பலகையும் வெளியே போகலாகாது.

ஊரார் கூடியிருக்க, காரி மலையனாரின் வலக்கையைப் பற்றிக்கொண்டு மன்னர் சொல்லாக இதைச் சொல்லுக: உம் குறியை அன்று நாங்கள் காணவில்லை. நீர் இட்டீர் என்பதை இன்று கண்டோம். பொறுத்தருள்க.

மாராயர் முன்னிலையில் பொறித்து, கழுநீர் முத்திரையிட்டோம். இது அரச ஆணை.