இசக்கி விளையாட்டை விட்டுவிட்டான்

ஜூலை 3, வியாழன்

காலையிலிருந்து சாரல். துவைத்த துணி எதுவும் காயவில்லை. வீடு முழுக்க ஈரவாடை.

சித்தப்பா இசக்கியின் போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். ரிட்டயர்டு எஸ்.ஐ. ரெய்டில் சாராய கேனைப் பிடித்த முகம். "சனியன் ஒழிஞ்சது. இனி பய எந்திரிச்சு உக்காருவான் பாரு."

பய எழவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான்.

சித்தப்பாவின் ஒரே மகன். எங்களுக்கு அடுத்த வாசல். கோவையில் இன்ஜினியரிங். செமஸ்டர் எழுதாமல் பெட்டியோடு வந்து ரெண்டு மாதம். ஏன்? "சும்மா." பல் தேய்ப்பதில்லை. சாப்பாடு பாதி. போனில் துப்பாக்கி விளையாட்டு மட்டும். அதுவும் இன்று போயிற்று.

சித்தப்பா எனக்குத் தந்த வேலை: துணைக்கு இருப்பது. "ஏட்டி, நீ எம்.ஏ. படிக்க. அவன்ட்ட நாலு நல்ல வார்த்த சொல்லு." என்னிடம் நாலு இல்லை. புத்தகம் எடுத்துப்போய் அவன் அறையில் வாசித்தேன். இருவரும் பேசவில்லை. இந்த வீட்டில் இதற்குப் பெயர் ஆறுதல்.

ஜூலை 4, வெள்ளி

சீசன். அருவிக்கு வந்த சொந்தமெல்லாம் இங்கே ஈரத்துண்டு காயப்போட்டுவிட்டுப் புத்திமதி சொல்கிறது. இன்று கிடைத்தவை:

காலையில் ஓடச் சொல்லு. (சொன்னவருக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது.)

போலீஸ் பரீட்சை எழுதச் சொல்லு.

கீழப்பாவூர் நரசிம்மருக்குப் பானகம் வை.

கல்யாணம்.

ஒருவரும் அறைக்குள் போகவில்லை. நிலைப்படியில் நின்று எட்டிப் பார்த்தார்கள், கூண்டில் எதையோ பார்ப்பதுபோல. "நல்லாத்தான இருக்கான்." பிறகு பரோட்டா சாப்பிடப் போனார்கள்.

எங்கள் பல்கலைக்கழக வாட்ஸ்அப் குழுவில் பேராசிரியரின் செய்தி. வீடியோ கேமும் மாணவர் மனச்சோர்வும், கருத்தரங்கு. போஸ்டருக்கு ஒரு வரி வேண்டுமாம். 'விளையாட்டை விடு, வாழ்க்கையைத் தொடு.' அனுப்பினேன். கைதட்டும் பொம்மைகள் வந்து குவிந்தன. கேவலமான வரி. ஓசை இருந்தால் போதும் இவர்களுக்கு. எனக்கும்.

ஜூலை 5, சனி

ஐந்தருவி. சித்தப்பாவின் தீர்ப்பு: தலைச்சூடு. அருவியில் தலை கொடுத்தால் மூளை குளிர்ந்துவிடும். இந்த ஊரில் கிறுக்கு, காதல், பரீட்சையில் ஃபெயில், எல்லாவற்றுக்கும் ஒரே தண்ணீர்.

நீள வரிசை. சித்தப்பா பழைய மிடுக்கில் முன்னால் புகப் பார்த்தார். விசில் ஊதிய இளம் போலீஸ்காரர்: "பெருசு, பின்னால போங்க." இந்த வாரத்தின் ஒரே சந்தோஷம்.

திரும்பும்போது, ஆட்டோவில், இசக்கி தானாகப் பேசினான்.

"அக்கா, என் ஐடிய ஜீவாக்குக் குடுத்துட்டேன். அப்பா போனப் புடுங்குததுக்கு முன்னாலேயே."

ஐடி என்றால் விளையாட்டில் அவன் கணக்கு. வருடக்கணக்காகச் சேர்த்த துப்பாக்கி, சட்டை, பட்டம் எல்லாம் அதற்குள். ஜீவா என்பவன் அவனோடு ஒரே டீமில் ஆடுகிறவன். நேரில் பார்த்ததே இல்லையாம்.

"பாஸ்வேர்டோட குடுத்துட்டேன். இனி எனக்கு எதுக்கு?"

வீட்டில் சொன்னேன். சித்தப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "விட்டுட்டான் பாத்தியாட்டி! ஒத்தக் குளியல்ல!" அல்வா வாங்கி வந்தார். புத்தி வந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். ரெண்டு துண்டு தின்றேன்.

ஜூலை 6, ஞாயிறு

வெயில், திடீரென்று. வாசலில் ஒரு பைக், இரண்டு தடியன்கள். ஒருவன் ஜீவா. அச்சன்புதூர், பி.காம். சட்டையில் மண்டையோடு, வாயில் பபிள்கம், காரணமில்லாத சிரிப்பு. மற்றவன் வாயே திறக்கவில்லை. இந்த ஜென்மங்களோடுதான் இசக்கி இத்தனை நாள் பேசியிருக்கிறான்.

முகவரி யார் கொடுத்தது? யாருமில்லை. ஊர்ப்பெயர் மட்டும் தெரியும்; மீதியை, விளையாடும்போது மைக்கில் கேட்ட சத்தங்களை வைத்துத் தேடி வந்தார்களாம். ரயில்வே கேட் மணி. மாவு மில்.

"அப்புறம் உங்க சத்தம் அண்ணாச்சி. 'ஏலே, தின்ன வாலே'ன்னு தெனம் கேப்போம்லா. தெருமுனையில அத அப்படியே செஞ்சு காட்டுனோம். ஒடனே வீட்டக் காட்டிட்டாங்க."

எஸ்.ஐ.யை அவர் வாசலிலேயே பகடி செய்த முதல் ஆள். சித்தப்பா முகம் சிவந்தது.

"இப்ப என்னலே வேணும்? அவந்தான் விளையாட்ட விட்டுட்டானே."

ஜீவா சிரிப்பை நிறுத்தினான்.

"விளையாட்ட விடுதவன் அழிச்சிட்டுப் போவான் அண்ணாச்சி. ரெண்டு நாள்ல திரும்ப ஏத்திக்கிட்டு வருவான். இப்படி எல்லாத்தையும் தூக்கிக் குடுக்க மாட்டான். எங்க டீம்ல முந்தி ஒருத்தன் குடுத்தான். நாங்களும் சந்தோசமா வாங்கிக்கிட்டோம்." பபிள்கம் மெல்லுவது நின்றிருந்தது. "அவன் இப்ப உயிரோட இல்ல. இவன் போனும் எடுக்கல. அதான் வந்தோம்."

மேசையில் மிச்ச அல்வா. எறும்பு.

அறைக்குள் போனேன். நல்ல வார்த்தை எதையும் தேடவில்லை.

"இசக்கி, சாகணும்னு நெனைக்கியா?"

சுவரிடம்: "ம்."

எனக்குப் பின்னால் சித்தப்பா. கேட்டுவிட்டார்.

ஜூலை 7, திங்கள்

தூறல். பெரியாஸ்பத்திரி, மனநலப் பிரிவு. சித்தப்பா வரிசையில் முந்தவில்லை. டாக்டரிடம் "தலைச்சூடு" என்று ஆரம்பித்து, பாதியில் விட்டார். டாக்டர் இசக்கியை வெளியே அனுப்பச் சொன்னதும், அவன் கண்ணில் படும்படி கதவருகிலேயே நின்றார்.

மாத்திரை. வாரம் ஒருமுறை வர வேண்டும். தனியாக விடக் கூடாது. போன்?

"அதுலதான அவன் கூட்டாளிங்க இருக்காங்க. குடுங்க," என்றார் டாக்டர்.

பீரோ திறந்தது. போன் செத்துக் கிடந்தது. சார்ஜ் போட்டவர் சித்தப்பா.

வரியை எடுத்துவிடுங்கள் என்று பேராசிரியருக்கு எழுதினேன். போஸ்டர் அச்சாகிவிட்டதாம். கட்டைவிரல் பொம்மை ஒன்று அனுப்பினார்.

சாயங்காலம் ஜீவா, யாரும் கூப்பிடாமல். ஐடியைத் திருப்பிக் கொடுத்தான், இசக்கி வாங்கவில்லை. "சரி, போ" என்று ஜீவா கட்டிலில் கால் நீட்டி, சத்தத்தைக் கூட்டி வைத்து, அவனே விளையாட ஆரம்பித்தான். படுமோசம், எனக்கே தெரிகிறது. நிலைப்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார் சித்தப்பா.

"இதுல நீ போலீசா, திருடனாலே?"

"ரெண்டும் இல்ல அண்ணாச்சி. சும்மா ஓடுதேன்."

இசக்கி சுவரைப் பார்த்தபடி. பிறகு, திரும்பாமல்:

"லெஃப்ட்ல ஒருத்தன் வாரான்லே. காலடி கேக்கலையா?"

முட்டாள், வலப்பக்கம் சுட்டான்.