ஏரிமேல் நடந்தவளுக்கு

பரண்மேல் இருந்த உன் பெரிய பெட்டியை இன்று காலை எதிர்வீட்டு மேஸ்திரி இறக்கிக் கொடுத்தார். திறந்ததும் முதலில் வந்தது அந்துருண்டை வாசனை. அதற்கு அடியில், மடித்து வைத்திருந்த உன் கறுப்புக் கோட்டின் காலரில், தைலம். தலைவலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நெற்றியில் ஒரு கோடு இழுத்துக்கொண்டுதான் நீ வெளியே கிளம்புவாய். கோட்டை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு உனக்கு எழுதலாம் என்று தோன்றியது.

எதை எழுத உட்கார்ந்தாலும் முதலில் வரிசைப்படுத்திக்கொள்வது என் வழக்கம். மளிகைக் கடைக்குப் போவதற்கே நான் வரிசை போடுவதைப் பார்த்து, "இன்னா சார், கலெக்டர் மீட்டிங்கா?" என்று கேட்பாய். இப்போதும் கேட்டுக்கொள்.

1. உன் கோட்டு.
2. இரண்டு நாடுகள், இரண்டு பிள்ளைகள்.
3. கனடா உனக்குப் பிடிக்கவில்லை.
4. ஆகவே ஆஸ்திரேலியா.

முதலில் கோட்டு. பெரியவனுக்குக் குழந்தை பிறந்தபோது மருமகளுக்குத் துணையாகக் கனடாவுக்குப் போனாயே, அங்கே அவர்கள் வாங்கிக் கொடுத்தது. முட்டிக்குக் கீழே தொங்கும். உள்ளே பஞ்சு. இந்த ஊரில் அதற்கு ஒரு வேலையும் இல்லை என்று சொல்லியும் நீ கேட்கவில்லை. அடுத்த மார்கழியில் புடவைமேல் அதைப் போட்டுக்கொண்டு பால் வாங்கக் கிளம்பினாய். மேஸ்திரி வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னா யக்கா, கரடி புடிக்கவா போற?"

"புடிச்சாச்சு தம்பி. வூட்ல குந்திக்கினு பேப்பர் படிக்குது. அதுக்குத்தான் பாலு."

நான் உள்ளே பேப்பர்தான் படித்துக்கொண்டிருந்தேன். தெருவே சிரித்தது கேட்டது. அன்றைக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. இன்று அதே நாற்காலியில் உட்கார்ந்து நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன். நீ கண் மூடிய பிறகு, போன ஐப்பசி மழையில் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. கூப்பிட்டேன். என் குரல்தான் உனக்குத் தெரியுமே, பக்கத்து அறைக்கே போய்ச் சேராது. மேஸ்திரி எதற்கோ தேடி வந்து, சந்தேகப்பட்டு, கதவை உடைக்கும்வரை ஈரத்தரையில் கிடந்தேன். அன்றிலிருந்து தாழ்ப்பாள் போட்டுக் குளிக்கவே கை வருவதில்லை. பிள்ளைகள் வற்புறுத்தி அழைத்துப் போகிறார்கள் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். உன்னிடம் மட்டும் உள்ளதைச் சொல்கிறேன். தனியாக இருக்க முடியவில்லை, யாராவது கூட்டிக்கொண்டு போங்கள் என்று நான்தான் கேட்டேன்.

கேட்டது தப்பாகப் போயிற்று. இருவருமே வா என்கிறார்கள். பெரியவன் கனடாவுக்கு, சின்னவள் ஆஸ்திரேலியாவுக்கு. போய்த் தங்கிவிட ஒரு நாட்டுக்குத்தான் விண்ணப்பம் போட முடியும், எது என்று வரும் ஞாயிற்றுக்கிழமை சொல்லவேண்டும். அன்று இருவரும் ஒரே அழைப்பில் முகம் காட்டுவார்கள். அவர்கள் நாட்டின் பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள். என் காதில் பிள்ளைகளின் பெயர்தான் விழுகிறது.

மேஸ்திரிக்கு இதில் குழப்பமே இல்லை. "பையன் இருக்கச்சொல்ல பொண்ணு வூட்ல போயி எப்டி சார் குந்துவீங்க? சம்பந்தி வந்தா எந்த ரூம்ல ஒளிஞ்சிப்பீங்க?" என்றார். அங்கே நிறைய அறைகள் இருக்கின்றன என்றேன். பதில் சொல்லவேண்டும் என்பதற்காகச் சொன்னதுதான்.

நான் எப்படி முடிவெடுப்பேன் என்பது உன்னைவிட யாருக்குத் தெரியும்? நாம் முதலில் பார்த்துக்கொண்டதே அதனால்தானே. புள்ளியியல் துறையில் சேர்ந்த புதிது. நெல் விளைச்சலைக் கணக்கிட, தென்னேரியில் ஒரு வயலில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் அளந்து, அறுத்து, அடித்து, எடைபோட வேண்டும். அந்த இடத்தை நாங்களாகப் பொறுக்கக் கூடாது. கண் நல்ல கதிரைத் தேடிப் போகும் என்பதால், அச்சடித்த அட்டவணையில் வரும் எண்ணைப் பார்த்து, தென்மேற்கு மூலையிலிருந்து அத்தனை அடி நடந்து முளை அடிக்கவேண்டும். அந்த வயல் உன் அப்பாவுடையது. எண் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது வேப்பமர நிழலில், கதிரே சரியாகப் பிடிக்காத மூலையில். உன் அப்பா கெஞ்சினார். நான் அட்டவணையைக் காட்டினேன். கட்டு சுமந்துகொண்டிருந்த நீ நின்றாய்.

"ஏன் சார், அந்த நம்பருக்குக் கண்ணு கெடையாதா? இம்மாம் நெலத்துல அந்த மூலதான் கெடச்சுதா?"

"அது இல்லைங்க. ரூல்ஸு," என்றேன்.

பின்னால் உறவுக்காரர் ஒருவர் மூலம் பேச்சு வந்து நீ என் மனைவியான பிறகும், அந்த 'சார்' போகவில்லை. கல்யாணத்துக்குப் பெண் பார்த்ததும் நம்பர் போட்டுத்தானா என்று வருவோர் போவோரிடமெல்லாம் கேட்டாய். ஒருநாள் நம் ஊர்ப் பெருமாள் கோவில் பக்கம் போனபோது, குடவோலைக் கல்வெட்டைப் பார்க்கக் கல்லூரிப் பிள்ளைகள் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். பானைக்குள் ஓலை போட்டு ஆள் தேர்ந்தெடுத்த கதையை அவர்களுடைய ஆசிரியர் சொல்லிக்கொண்டிருந்தார். நீ நின்று முழுதும் கேட்டுவிட்டு என்னிடம் சொன்னாய்: "அப்ப இது ஊரு வியாதி. அவுங்க பானைல கைய வுட்டு எடுத்தாங்க, நீங்க நம்பர் பாத்து எடுக்கறீங்க. எனுக்கு இதுதான் வோணும்னு ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டீங்களா?"

நான் பொரி வாங்கிக் கொடுத்தேன் என்று ஞாபகம்.

இப்போதும் ஒரு தாளை இரண்டாகக் கோடு போட்டுப் பிரித்து எழுதிப் பார்த்தேன். குளிர், மருத்துவம், சாப்பாடு, பேச்சுத் துணை, பேரப்பிள்ளைகள். இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமமாகத்தான் வந்தது. ஒன்று மட்டும் ஒரு பக்கம் சாய்ந்தது. அதுதான் மூன்றாவது. நீ இரண்டு நாட்டுக்கும் போய்வந்தவள். நான் இரண்டு முறையும் மீனம்பாக்கம் வரை வந்து, உன்னை உள்ளே அனுப்பிவிட்டுத் திரும்பியவன். உன் வாக்குமூலத்தைத் தவிர எனக்கு வேறு ஆதாரம் இல்லை.

சின்னவளின் பிரசவத்துக்குப் போய்வந்து ஆஸ்திரேலியாவைப் பற்றி ஒரு வாரம் பேசினாய். பின்பக்கத்துத் தோட்டம், வேலிக்கு மேலே எலுமிச்சம்பழம் நீட்டும் பக்கத்து வீட்டு அம்மாள், அவளுக்குத் தமிழும் உனக்கு இங்கிலீஷும் தெரியாமலே நீங்கள் இருவரும் மாமியார்களைத் திட்டிக்கொண்டது. கனடாவிலிருந்து வந்தபோதோ ஒரே வரி. "ஒரே குளுருங்க. மனுசன் இருக்கற எடமா அது?" என்றாய். பெட்டியை மூடினாய். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. எழுதி வைத்துக்கொண்டது போல மனதில் வைத்துக்கொண்டேன்.

இதை எழுதும்போது வேறொன்றும் ஞாபகத்துக்கு வருகிறது. தலைதீபாவளிக்குத் தென்னேரிக்குப் போயிருந்தோம். ஏரி நிரம்பி, மிகுதித் தண்ணீர் கலங்கல் சுவர்மேல் வழிந்துகொண்டிருந்தது. நீ புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பேசிக்கொண்டே கலங்கல்மேல் நடந்து பாதி தூரம் போய்விட்டாய். திரும்பிப் பார்த்தால் நான் கரையிலேயே நிற்கிறேன்.

"வாங்க. முட்டி அளவுதான் கீது."

நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நீ இன்னொரு முறை கூப்பிடவில்லை. திரும்பி வந்து, ஈரக் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாய். "பரவால்ல. இங்கேர்ந்து பாத்தாலும் அதே தண்ணிதான்," என்றாய். அக்கரையில் உன் தோழிகள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். நீ போகவில்லை.

இதுவரை காலையில் எழுதியது. நாலாவதையும் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பேன். கோட்டு மடியில் இருந்ததால் நின்றேன். ஆஸ்திரேலியா என்றால் இது தேவைப்படாது. யாருக்காவது கொடுத்துவிடலாம். ஆனால் வாங்கிக் கொடுத்தவளைக் கேட்காமல் கொடுப்பது முறையில்லை. சாயங்காலம், அங்கே விடிந்திருக்கும் நேரம் பார்த்து, மருமகளைக் கூப்பிட்டேன்.

"சொல்லுங்க மாமா. இங்க இப்பதான் நாஷ்டா ஆவுது. அந்தக் கோட்டா? இன்னும் வச்சிக்கினுகீறீங்களா? குடுத்துடாதீங்க மாமா. அது அத்தையோட ஏரி கோட்டு."

"எந்த ஏரி?"

"இன்னா மாமா தெரியாத மாரி கேக்கறீங்க? எங்க வூட்டுக்குப் பின்னால பார்க்குல ஏரி கீதே. குளுர் காலத்துல மேல அப்டியே கல்லு மாரி ஐஸாயிடும். சனங்க மேல நடந்து போவாங்க, நாய இட்டுக்கினு போவாங்க. அத்தை மொதநாளு கரையில நின்னு பாத்தாங்க. மறுநா நடு ஏரிக்கே போயிட்டாங்க. புள்ள தூங்கிச்சின்னா போதும், கோட்ட மாட்டிக்கினு கெளம்பிடுவாங்க. பூட்ஸு காலால தொம்மு தொம்முனு மிதிச்சிப் பாப்பாங்க. தென்னேரில முழுவியிருக்கேன்டி, மேல நடக்கலியேன்னு சிரிப்பாங்க."

அழைப்பு அறுந்துவிட்டதென்று நினைத்தாள். "மாமா, இருக்கீங்களா? உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேனே."

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியேம்மா. குளிருன்னு மட்டும்தான் சொன்னா."

"நான்கூட கேட்டேன் மாமா, மாமாகிட்ட வீடியோல காட்டலாமான்னு. வோணாம்னாங்க. 'அந்த மனுசன் ஐஸு ஒடஞ்சா இன்னா பண்ணுவன்னு கேப்பாரு. தெனம் போன் போட்டுக் கேப்பாரு. கேட்டுக் கேட்டு எனக்கும் பயம் வந்துடும்டி. ஒரு நாளிக்கி இட்டாந்து நடுவுல நிக்க வச்சிட்டு அப்பறம் சொல்லிக்கறேன்'னாங்க."

போனை வைத்த பிறகு விளக்குப் போடவும் எழுந்திருக்கவில்லை. நீ சொன்னது சரி. நான் கேட்டிருப்பேன். நாள் தவறாமல் கேட்டிருப்பேன். கலங்கலில் நீ என் பக்கத்தில் வந்து நின்றுவிட்டாய். அங்கே, உலகத்தின் மறுகோடியில், என் பயம் வந்து சேராத ஓர் ஏரி உனக்குக் கிடைத்திருக்கிறது. அதில் கொஞ்ச காலம் நீ இஷ்டத்துக்கு நடந்திருக்கிறாய். எனக்கு வருத்தமாகத்தான் இருக்கவேண்டும். ஆனால், புடவைக்குமேல் கரடிக் கோட்டோடு நீ நடு ஏரியில் நின்று காலால் மிதித்துப் பார்ப்பது கண்ணில் வந்துகொண்டே இருந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை, ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திராமல் சின்னவளைக் கூப்பிட்டேன். நானாக அவளைக் கூப்பிடுவது அபூர்வம் என்பதால் பயந்துபோய் எடுத்தாள்.

"இன்னா நைனா, மறுபடியும் விழுந்துட்டியா?"

"இல்லம்மா. அண்ணன்கிட்ட போறேன். எனக்கு அதுதான் வேணும்."

எண்ணைப் பார்க்கவில்லை, தாளைப் பார்க்கவில்லை. வாயைத் திறந்து சொன்னேன். ஏரியைப் பற்றியும் சொன்னேன். "அம்மா இங்கயும் நல்லாதான நைனா இருந்துச்சு," என்றாள். ஆமாம் என்றேன். "சரி" என்று வைத்துவிட்டாள். அந்த 'சரி'யைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தேன். காபி ஆறிப்போன பிறகு அவளே கூப்பிட்டாள். மூக்கு அடைத்த குரல்.

"அங்க குளுரு போனதும் இங்க வந்து கொஞ்ச நாளு இரு."

"அங்க குளிர் போகும்போது உங்க ஊர்ல குளிர் வந்துடுமேம்மா."

"ஐயோ நைனா, அப்ப ரெண்டு பக்கமும் கோட்டுதான் உனக்கு. எடுத்துக்கினு வா," என்றாள். சிரித்தாளா அழுதாளா என்று சொல்லத் தெரியவில்லை. எப்போதாவது வருகிறேன் என்பதற்கும் வந்து தங்குகிறேன் என்பதற்கும் உள்ள தூரம் அவளுக்குத் தெரியும். அந்தத் தூரத்தில் அவளை நிறுத்தியது நான்தான்.

பெரியவனிடம், எத்தனை அங்குலம் உறைந்தால் ஆள் நடக்கலாம் என்று கேட்டேன். "போர்டு வெப்பாங்க நைனா," என்றான். யார் அளக்கிறார்கள், ஏரியில் எத்தனை இடத்தில் அளக்கிறார்கள், அந்த இடங்களை எப்படிப் பொறுக்குகிறார்கள் என்று கேட்டேன். "நீ வந்து நேர்ல கேட்டுக்கோ," என்றான்.

பெட்டியில் முதலில் உன் கோட்டைத்தான் வைத்தேன். எனக்குத் தோளில் இறுக்கும். கையில் போட்டுக்கொண்டு கரை வரை போகலாம். நடு ஏரிக்கு வருவேன் என்று எழுதப் பயமாக இருக்கிறது. செருப்போ பூட்ஸோ, முதல் அடியை வைத்துவிடுவேன் என்று மட்டும் எழுதுகிறேன். பக்கத்தில் நிற்க நீ திரும்பி வர முடியாது என்பது தெரிந்துதான் எழுதுகிறேன்.

மேலே உள்ள வரிசையை நான் அடிக்கவில்லை, நீ பார்த்துச் சிரிக்கட்டும் என்று விட்டிருக்கிறேன். நாலாவது, மூன்றாவதை நம்பி எழுதியது. மூன்றாவது தவறு. கனடா உனக்குப் பிடித்திருந்தது.