உதிர்ந்த காட்டு பார்லி

என்ர கோபக்காரிக்கு,

வெட்கத்தை விட்டுச் சொல்லுறன்: உம்மட ஆராய்ச்சிப் பயிரைக் கோட்டை விட்டிட்டன். முதன்முதல் விவசாயம் செய்த சனம் எப்பிடி அறுத்ததெண்டு பார்க்க நீர் விதைச்ச காட்டு பார்லியை, முத்தினால் தானே உதிருற சாதியெண்டு தெரியாமல், நல்லா முத்தட்டும் எண்டு விட்டு வைச்சன். தொட்டதும் கதிரெல்லாம் மண்ணில கொட்டிட்டுது.

முழங்காலில நிண்டு பொறுக்கினன். வேலிக்கு மேலால பார்த்த பக்கத்து வீட்டுக் கஸ்பர் அண்ணை, "மனுசி கோவிச்சுக்கொண்டு டூட்டிங் ஊரில இருக்கிற தன்ர தங்கச்சி வீட்டை போனாப்பிறகுதான் தம்பிக்குச் செபம் வருது" எண்டார். "ஓம் அண்ணை, இடுப்பு நோவுக்கும் சேர்த்துத்தான்" எண்டன்.

பொறுக்கினதைத் திரும்ப விதைச்சுப் போட்டன். மற்றபடி இங்க குறையொண்டுமில்லை. கறிதான் இப்பவும் ரெண்டு பேருக்கு வைக்கிறன். தனியச் சாப்பிட்டு முடிக்க அலுத்துப்போச்சு. அடுத்த அறுப்புக்காவது வாரும். பயிருக்காகத்தான் சொல்லுறன்.

இப்படிக்கு,
உம்மட தோட்டக்காரன்

பி.கு: நான் விதைச்சதில ஒண்டும் முளைக்கேல்லை. பொறுக்காமல் விட்ட மூலையில எல்லாம் தானாய் முளைச்சிருக்கு.