பார்த்தால் அடங்குகிற ஃபேன்

உர்ஹோ,

மீன் சூப் பானை பால்கனிக் குளிர்ல இருக்கு, சுடவெச்சுச் சாப்பிடு. கம்ப்யூட்டரைத் தொடாதே.

நீ தூசி தட்டி, அதுக்குள்ள புது ஃபேன் மாட்டியும் இரைச்சல் அடங்கலை. யாரும் தொடாதப்பவே திடீர்னு இரையுது. என்ன ஓடுதுன்னு பார்க்க டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன், கப்சிப். மூடினேன், மறுபடி இரைச்சல். இன்டர்நெட் வயரைப் பிடுங்கினதும்தான் ஓய்ஞ்சுது. யாரோ உள்ள இருக்காங்க. நாம பார்க்கிறது அவங்களுக்குத் தெரியுது.

"உனக்கு எதுலயும் சந்தேகம்"னு நேத்து எரிஞ்சு விழுந்தியே, அந்தக் கம்ப்யூட்டர் கேமரா குழந்தையோட கட்டிலைப் பார்த்துதான் இருந்துது. பிளாஸ்திரி ஒட்டியிருக்கேன், எடுக்காதே. இன்னிக்கு அவ நம்மகூடப் படுக்கட்டும்.

சைமி

பி.கு.: இதை மேலேயே எழுதியிருக்கணும். நம்ம போன்லயும் புகுந்துட்டாங்களான்னு தெரியலை. நீ எதையும் வாய்விட்டுப் படிக்கிற ஆளு. இதை மனசுக்குள்ள படி.