ஏறிடுச்சா, இறங்கிடுச்சா?

மச்சான்,

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், உன் மருமகளை, அதான் என் பெண்ணை, பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் முன்னால் வீட்டையே இருட்டாக்கிவிட்டேன். இண்டக்‌ஷன் அடுப்பில் பால், பக்கத்திலேயே கெட்டிலில் வெந்நீர், இரண்டுக்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். நாமும் பெங்களூருக்குக் குறைந்தவர்கள் இல்லை என்று காட்ட நினைத்தேன். டப் என்று ஒரு சத்தம். அடுத்து பிளக் கருகும் அந்த நாற்றம். இருட்டில் மாப்பிள்ளையின் அப்பா கேசரித் தட்டில் கையை ஊன்றிவிட்டார்.

"அங்கிள், அது சிக்ஸ் ஆம்ஸ் பாயிண்ட். ரெண்டும் சேந்தா பதினஞ்சு இழுக்கும்" என்றான் மாப்பிள்ளைப் பையன். கரண்ட் கம்பெனியில் இன்ஜினியர்.

என் வாயிலிருந்து உன் பேச்சுதான் வந்தது. "கேஜ்ல ஆளு ஜாஸ்தி ஏறிக்கினாங்க, தம்பி."

பையன் விழித்தான். அவன் அப்பா நம் தங்கச் சுரங்கத்துக் கோரமண்டல்காரர்; ஆளைச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றும் கேஜ் அவருக்குத் தெரியும். கேசரிக் கையோடு சிரித்தார். "பெல் அடிக்கறதுக்குள்ள ஏறிட்டாங்களா?"

பிளக் கருகின நாற்றம் வந்தால் எனக்கு நீதான் ஞாபகத்துக்கு வருகிறாய். அது உனக்குப் பெருமையா என்று தெரியவில்லை.

நம் ஊரில் எல்லாமே கரண்ட்தானே. கரண்ட் வந்துச்சு, கரண்ட் போச்சு, கரண்ட் பில்லு, கரண்ட் ஷாக்கு. வோல்டேஜ் என்பது கரண்டுக்கு வருகிற ஜுரம் என்றும், வாட்ஸ் என்பது பல்பின் சைஸ் என்றும் நினைத்துக்கொண்டே நான் அறுபதை நெருங்கிவிட்டேன். எஸ்.எஸ்.எல்.சி.யில் சயின்ஸ் பார்டரில் பாஸானவனிடம் அதற்குமேல் யாரும் கேட்கவும் இல்லை. உனக்கு நெஞ்சு சரியில்லாமல் போய், எங்கள் முன்னறையில் கட்டில் போட்டு, ஆக்ஸிஜன் மெஷினை வாடகைக்குக் கொண்டுவந்து வைத்த பிறகுதான் வம்பு வந்தது.

சாயங்காலம் ஆனால் சுரங்கத் தொழிலாளிகளின் லைன் வீடுகள் எல்லாவற்றிலும் டிவி, மோட்டார், மிக்ஸி. வோல்டேஜ் படுத்துவிடும். மெஷின் கீ கீ என்று கத்தும். உனக்கு மூச்சு வாங்கும். உன் பழைய ஃப்ரிட்ஜ் ஸ்டெபிலைசரைக் கொண்டுவந்து மாட்டினோம். முன்னால் வோல்டேஜ் காட்டும் முள், பக்கத்தில் அதை ஏற்றி இறக்கும் திருகு. அதற்கு ஆப்பரேட்டர் நான்.

முதல் நாளே மெஷின் கத்தியது. மெஷின் கொடுத்த கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"வோல்டேஜ் லெவல் ஏறியிருக்கா, இறங்கியிருக்கா, பாருங்க" என்றார்.

முள் இருநூறிலிருந்து நூற்றெழுபதுக்கு வந்திருந்தது. ஏழெட்டு வருஷம் ஷாஃப்டில், அந்தச் சுரங்கக் கிணற்றில், கேஜ் ஏறிப் போய் வந்தவன் நான். லெவல் என்ற வார்த்தை காதில் விழுந்தால் மூளை அங்கேதான் போகும். கீழே போகப் போக லெவலின் நம்பர் கூடும், நம்பர் குறைந்தால் மேலே வருகிறோம். அதனால் தைரியமாகச் சொன்னேன்: "ஏறிடுச்சு சார்."

"அப்ப திருகைக் குறைங்க."

குறைத்தேன். மெஷின் ஊரைக் கூட்டியது. உன் தங்கச்சி அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள். நீ மூக்குக் குழாயை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தாய். மூச்சே இல்லாதவனுக்குச் சிரிக்க மட்டும் எங்கிருந்துதான் காற்று வந்ததோ.

"யோவ் மாப்ள! ஷாஃப்ட்ல நம்பர் கொறஞ்சா மேல வர்றோம். இங்க கொறஞ்சா மேலயே போயிடுவோம்யா!"

"எங்கண்ணன் உயிர இந்த ஆளு கையில குடுத்துட்டு நான் கொழம்பு வெச்சினுகீறேன்" என்று உன் தங்கச்சி தலையில் அடித்துக்கொண்டாள். திருகை அவளே திருப்பினாள். கத்தல் நின்றது.

அப்புறம்தான் நீ எனக்குப் பாடம் எடுத்தாய். பாதி பாடம், பாதி திட்டு. ஷாஃப்ட் வாசலில் கேஜுக்கு மணி அடித்தவனுக்கு வேறு எப்படிச் சொல்லத் தெரியும்?

"எவ்ளோ ஆழத்துலேர்ந்து தூக்கறோம்? அது வோல்டேஜு. நிமிசத்துக்கு எத்தினி பேரு வர்றான்? அது கரண்டு. ரெண்டயும் பெருக்கு. மேல இன்ஜின் படற பாடு கீது பாரு, அது பவரு. அதான் உன் வாட்ஸு."

"அப்ப வோல்டேஜ் கொறஞ்சா நல்லதுதானே? தூக்கற ஆழம் கம்மி."

"மாப்ள, மெஷினுக்கு வேண்டிய வேலை கொறயலயே! ஆழம் கொறஞ்சா, அதே வேலைக்கு ஆளு ஜாஸ்தி ஏறணும். வாசல்ல தள்ளுமுள்ளு. ஒயரு சுடுதுல்ல, அது அந்த நெரிசல்தான். அதுக்கும் கீழ போனா மெஷின் ஒக்காந்துடும்."

மெஷின் முதுகில் முந்நூற்றைம்பது வாட்ஸ் என்று எழுதியிருந்தது. செல்போனில் வகுத்துப் பார்த்தேன். இருநூற்று முப்பது வோல்டேஜில் ஒன்றரை ஆம்ஸ், நூற்றெழுபத்தைந்துக்கு வந்தால் இரண்டு ஆம்ஸ். ஒயரைத் தொட்டேன், வெதுவெதுப்பு. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இந்த வயதில் எனக்கு ஒரு கணக்கு சரியாக வந்திருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்கெல்லாம் போய்ச் சொன்னேன். ஒயர் சுடுவதைச் சொல்ல ஒருத்தன் இவ்வளவு சிரித்துக்கொண்டு வருவானா என்று அவர்கள் பயந்தார்கள்.

அதற்குப் பிறகு வீட்டில் சட்டம் போட்டேன். மெஷின் ஓடும்போது மிக்ஸி கூடாது, அயர்ன் பாக்ஸ் கூடாது. உன் தங்கச்சி சட்னியை அம்மியில் அரைத்தாள். "எங்கண்ணன் மூச்சு வுட நான் மூச்சு வாங்கறேன்" என்று தினம் ஒரு பாட்டு. "சட்னி இப்பதாம்மே ருசியா கீது" என்று நீ கட்டிலிலிருந்து எண்ணெய் ஊற்றுவாய். நான் மட்டும் கசங்கிய சட்டையோடு வேலைக்குப் பெங்களூர் ரயில் ஏறினேன். ரயிலில் கேட்டவர்களுக்கெல்லாம் ஆம்ஸ் கணக்குச் சொன்னேன். பிறகு யாரும் கேட்கவில்லை.

அந்தக் கடைசிச் சாயங்காலம் உனக்கு மூச்சு ரொம்ப வாங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி சொல்லியிருந்தோம். உன் தங்கச்சி அது வருகிறதா என்று தெருமுனையில் நின்றிருந்தாள். தலையணைகளில் சாய்ந்தபடி, வார்த்தைக்கு வார்த்தை நிறுத்தி நீ கேட்டாய்.

"மாப்ள... முள்ளு எங்க கீது? ஏறிடுச்சா, இறங்கிடுச்சா? உன் கேஜு கணக்கு... வேணாம்."

குனிந்து பார்த்தேன்.

"இறங்கிடுச்சு மச்சான். லைன்ல எல்லாம் டிவி போட்டுட்டானுங்க. இப்ப ஏறிடும்."

"அதான் பாத்தேன்" என்றாய். "எனக்கு ஒண்ணுமில்ல. வோல்டேஜுதான்."

தலைக்குமேல் ஃபேன் காலண்டர் படபடக்கச் சுற்றிக்கொண்டிருந்தது. ஃபேன் சுற்றுவதை வைத்தே வோல்டேஜ் சொல்லுகிறவன் நீ. ஒரு தடவை அண்ணாந்து பார்த்தாய். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாய், வண்டி வரும் வரைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஃப்யூஸ் போட்டு வெளிச்சம் வந்ததும், மாப்பிள்ளைப் பையன் முன்னறையைச் சுற்றிப் பார்த்தான். "இந்தப் பழைய ஸ்டெபிலைசர் எதுக்கு அங்கிள்? இப்ப எதுக்குமே தேவைப்படாதே."

"இருந்துட்டுப் போகட்டும், தம்பி" என்றேன்.

அவனிடமும் சொல்லவில்லை, உன் தங்கச்சியிடமும் சொல்லவில்லை. அன்றைக்கு முள் இருநூற்று முப்பதில் அசையாமல் நின்றது, மச்சான்.