பதில் சொல்லாத த்ரெட்

இன்று காலை முதலில் என் கண்ணில் பட்டது பிரிண்டரின் ஓரத்தில் மினுங்கிய சிவப்பு விளக்கு. காகிதம் தீர்ந்திருந்தது. புதுச் சுருளை மாட்டினேன். விளக்கு பச்சையானது, ஆனால் டேப்லெட்டில் ஏழு பூமாலை ஆர்டர்களும் 'அச்சாகிறது' என்றே நின்றன.

"இந்த ஆப் வேணாம்மா. ரெடிமேடா ஒண்ணு வாங்கிப் போடுறேன்," என்றார் கடைக்கார அங்கிள். "பழச அழிச்சிடு லா."

பழசு என்றால் நீ எழுதியது. நீ டெங்கிக் காய்ச்சலில் இறந்துபோய் எட்டு மாதம் ஆகிறது. உன் நிரல் மட்டும் இந்தப் பிரிக்ஃபீல்ட்ஸ் பூக்கடையில் தினமும் வேலை செய்கிறது. அதை அழிக்க எனக்குக் கை வரவில்லை.

மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், இருவரும் பள்ளியை விட்டோம். கிள்ளானிலிருந்து வரும் கொமுட்டர் ரயிலில் ஒரே லேப்டாப்பை மடியில் வைத்து நிரல் எழுதினோம். ஆர்டரை அச்சடிக்க, நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு த்ரெட்டை நீ எழுதினாய். பிறகு நான் கோரூட்டின் என்ற வேறொரு முறையைப் படித்துவிட்டு வந்தேன்.

"உன் த்ரெட் இடத்த புடிச்சிக்கிட்டே காத்திருக்கும். இது இடத்த விட்டுட்டுக் காத்திருக்கும்," என்றேன்.

"உன்ன மாதிரியே இருக்குடி. பஸ்ல சீட்டு குடுத்துட்டு நிக்கிற ஆளுதானே நீ!" என்றாய்.

வாடிக்கையாளர்களிடம் நீதான் பேசுவாய். நான் உள்ளேயே நிற்பேன். அதனால்தான் இன்று உன் நிரலை வரிவரியாகப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. காகிதம் இல்லையென்றால் உன் த்ரெட் ஒன்றும் சொல்லாமல் முடிந்துவிடுகிறது. நீ எழுதிய நாளில் நிரலில் வேறு எதுவும் அதன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. போன மாதம் நான் சேர்த்த கோரூட்டினோ, பதில் வரும்வரை அடுத்த ஆர்டரை அனுப்பாது. பழையது எப்போதும் பதில் சொல்லும் என்று நானாக எண்ணிக்கொண்டேன்.

"அங்கிள், அழிக்க வேணாம். ஒரு மணி நேரம் குடுங்க," என்றேன்.

"அட, நீ பேசுவியா?" என்றவர், சீட்டுகளைக் கையால் எழுதத் தொடங்கினார்.

அச்சானாலும் ஆகாவிட்டாலும் ஒரே ஒரு முறை பதில் சொல்லும்படி உன் த்ரெட்டைத் திருத்தினேன். வேண்டுமென்றே சுருளைக் கழற்றிவிட்டு முதல் ஆர்டரை அனுப்பினேன். 'காகிதம் இல்லை' என்று திரையில் வந்தது. சுருளை மாட்டி மறுபடி அழுத்தியதும் ஏழும் வரிசையாக அச்சாகின.

"சரி லா, இருக்கட்டும்," என்றார் அங்கிள்.

நான் லேப்டாப்பை மூடவில்லை. உன் மற்றக் கோப்புகளையும் திறந்து, வேறு எங்கெல்லாம் நீ ஒன்றும் சொல்லாமல் போயிருக்கிறாய் என்று தேடத் தொடங்கினேன்.