ஏழு துளைகள்

கந்தர்வக்கோட்டை
6.10.2025

அன்புள்ள மாமாவுக்கு,

செவந்தி எழுதுவது. நானும் நம் மகள் கலைமதியும் சுகம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே குரல் உயர்ந்துவிடுகிறது, அதனால் எழுதுகிறேன். நீங்களும் எழுதியே பதில் சொல்லுங்கள்.

தோல் தைக்கும் மிஷின் பத்து மாதமாகச் சாக்குக்கு அடியில் கிடக்கிறது. பழைய இரும்புக்காரர் இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டார். கையால் தைத்தால் வாரத்துக்கு மூன்று காளைக் கழுத்துப் பட்டைதான் முடிகிறது. விரல் நுனியெல்லாம் வெடிப்பு. தச்சங்குறிச்சி ஜல்லிக்கட்டுக்கு முன் காளை வளர்க்கும் ஆண்டியப்பன் அண்ணனுக்குப் பன்னிரண்டு பட்டை வேண்டுமாம். கேட்டுவிட்டு, "நீ சொன்ன தேதிக்குக் கெடைக்குமா தாயி?" என்று சிரித்தார். போன மார்கழியில் அவரை வைத்துக்கொண்டுதானே நீங்கள் என்னைப் பொய்க்காரி என்றீர்கள்? அதிலிருந்து நான் எந்த நாளைச் சொன்னாலும் இங்கே எல்லோரும் இப்படித்தான் சிரிக்கிறார்கள்.

நான் தினமும் எண்ணெய் விட்டேன். அதை மறுபடி வாதாட இந்தக் கடிதம் இல்லை. சக்கரம் சுற்ற என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் செவந்தி


ஆம்பூர்
14.10.2025

அன்புள்ள செவந்திக்கு,

நலம். ஷூ கம்பெனியில் இப்போது நாற்பது மிஷின்களுக்கு நான்தான் மெக்கானிக். அதனால் சொல்வதைக் கவனமாகக் கேள்.

கஞ்சி ஆறினால் மேலே ஆடை கட்டுகிறது அல்லவா, மிஷினுக்குள் பழைய எண்ணெயும் அப்படித்தான் பசையாகிவிடும். நீ தேங்காய் எண்ணெய் எதையாவது விட்டிருப்பாய். ஒவ்வொரு எண்ணெய்த் துளையிலும் நாலு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஒரு நாள் அப்படியே வை. மறுநாள் கைச்சக்கரத்தை முன்னும் பின்னுமாக மெல்ல அசை. கன்றுக்குட்டியைத் தொழுவத்திலிருந்து வெளியே கொண்டுவருவதுபோல. முரட்டடியாக இழுத்தால் உள்ளே ஏதாவது உடையும். பிறகு நான் பார்சலில் அனுப்பும் மிஷின் எண்ணெயை விடு. தண்ணீர்போல இருக்கும், அதுதான் சரி.

அப்போதே ஒழுங்காக எண்ணெய் விட்டிருந்தால் இந்தப் பாடு இல்லை. சரி, போகட்டும். கலைமதி என்னைக் கேட்கிறாளா?

நாகராசு


கந்தர்வக்கோட்டை
27.10.2025

அன்புள்ள மாமாவுக்கு,

எண்ணெய் வந்து சேர்ந்தது. கலைமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுதியிருப்பேன்.

மண்ணெண்ணெய் விட்டேன். துளைக்குள் இறங்காமல் மேலேயே நின்று மேசையில் வழிந்தது. விளக்கை அருகில் கொண்டுபோய்ப் பார்த்தேன், ஊக்கை நிமிர்த்திக் குத்தினேன். கல்போல ஒன்று தட்டுப்பட்டது. சுரண்டிச் சுரண்டி எடுத்ததில் ஒரு மிளகளவு கட்டி வந்தது. முகர்ந்தால் மண்ணெண்ணெய் நாற்றத்துக்குள்ளும் சந்தன வாசம். ஏழு துளைகளில் ஐந்து அப்படியே அடைத்திருந்தன. ஒன்றை இந்தக் கடிதத்தோடு காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன்.

போன வருடம் ஆயுத பூசையன்று மிஷினுக்குப் பொட்டு வைத்தது யார் என்று நினைவிருக்கிறதா? எண்ணெய் விடும் இடம் தெரிவதற்காகத் துளையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருப்பார்கள். நீங்கள் ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் சந்தனத்தைக் கட்டை விரலால் அழுத்தி வைத்தீர்கள். "பொட்டு வைக்க கம்பெனிக்காரனே எடம் போட்டுக் குடுத்திருக்கான் பாரு" என்று சிரித்தீர்கள். நானும்தான் சிரித்தேன்.

அடுத்த வாரமே சொன்னேன். "எண்ணெ உள்ள எறங்க மாட்டேங்குது மாமா, மேலயே நிக்கிது." நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஊத்தத் தெரியாதவளுக்கு மேலதான் நிக்கும்." மார்கழியில் மிஷின் இறுகி நின்றதும் எண்ணெய்க் குப்பியை வாசலில் எறிந்துவிட்டு ஆண்டியப்பன் அண்ணனிடம், "எண்ணெ விடுறேன் விடுறேன்னு பொய் சொல்லிக்கிட்டே இருந்திருக்காண்ணே. இவ வாயில வர்றது ஒண்ணும் நெசமில்ல" என்றீர்கள். அன்று சாயங்காலமே ஆம்பூருக்குப் பஸ் ஏறிவிட்டீர்கள்.

செவந்தி


ஆம்பூர்
5.11.2025

அன்புள்ள செவந்திக்கு,

அந்தச் சந்தனத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் கட்டை விரல் ரேகைகூட அதில் இருக்கும்போலத் தோன்றியது. நாற்பது மிஷின்களில் கோளாறு கண்டுபிடிக்கிறவன் நான். நீ சொன்ன அன்றைக்கு ஒரு தடவை குனிந்து பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை. தப்பு என்னுடையது, மன்னித்துக்கொள்.

இனிச் செய்ய வேண்டியது. ஊசிக்கம்பியைத் துடைத்து ஒரு சொட்டு விடு. அடியில் பாபின் இருக்கும் இடத்தில் தோல் தூசி சேரும். அதைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தட்டிவிட்டு அங்கேயும் ஒரு சொட்டு. அதற்கு மேல் வேண்டாம், குழந்தைக்கு மருந்து கொடுக்கிற அளவுதான். முதலில் நூல் கோக்காமல் கழிவுத் தோலில் ஓட்டு. எண்ணெய்க் கறை விழுவது நின்ற பிறகு பட்டையை வை.

பொங்கலுக்கு வரட்டுமா?

உன் நாகராசு


கந்தர்வக்கோட்டை
18.11.2025

அன்புள்ள மாமாவுக்கு,

மிஷின் ஓடுகிறது. மூன்றாம் நாள் சக்கரம் கால் சுற்று அசைந்தது. ஐந்தாம் நாள் முழுச் சுற்று. கழிவுத் தோல் ஒரு கூடை வீணானது, பிறகு கறை நின்றது. நேற்று இரட்டைத் தோலில் தைத்தேன். ஒரு தையல்கூடத் தவறவில்லை.

நீங்கள் மன்னிப்புக் கேட்டதை இரண்டு தடவை படித்தேன். பொங்கல் வரை வேண்டாம், அதற்கு முன்பே வாருங்கள். டிசம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை. ஆண்டியப்பன் அண்ணன் பட்டை வாங்க வருகிறார். அவர் இருக்கும்போது, "செவந்தி எண்ணெ விட்டுக்கிட்டுத்தான் இருந்தா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். காலில் விழ வேண்டாம், கதை முழுக்கச் சொல்லவும் வேண்டாம். அந்த ஒரு வார்த்தை போதும். அன்றைக்குக் கோழி அடித்து வைக்கிறேன்.

உங்கள் செவந்தி


ஆம்பூர்
20.12.2025

அன்புள்ள செவந்திக்கு,

கம்பெனியில் வேலை நெருக்கடி. லீவு கேட்டால் கிடைக்கும், ஆனால் யோசித்துப் பார். புருஷன் பெண்டாட்டி விஷயத்தில் ஆண்டியப்பன் எதற்கு? நான் நாளைக்கு அந்த ஊரில் நடமாட வேண்டாமா? பொங்கலுக்கு வந்து, வீட்டுக்குள் உன்னிடம் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்கிறேன். இன்னொரு புட்டி எண்ணெயும் ஊசிகளும் அனுப்பியிருக்கிறேன். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை ஊசியை மாற்று.

உன் நாகராசு


கந்தர்வக்கோட்டை
29.12.2025

கலைமதியின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. என்னை வீட்டுக்குள் திட்டியிருந்தால் வீட்டுக்குள் சொன்னால் போதும்.

ஆனாலும் நேற்று மத்தியான பஸ் வரை பார்த்தேன். ஆண்டியப்பன் அண்ணன் பன்னிரண்டு பட்டையையும் ஒவ்வொன்றாக முழங்காலில் மாட்டி இழுத்துப் பார்த்தார்.

"மிசினு ஓடுதா? அன்னைக்கு என்னதான் கோளாறு?"

"எண்ணெத் தொளையில சந்தனம் அடைச்சிருந்துச்சுண்ணே."

"யாரு வச்ச சந்தனம்?"

"வீட்டுல வச்சதுதாண்ணே."

அவர் பட்டையைக் கீழே வைத்தார். பிறகு, "அப்ப நீ எண்ணெ விட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்க தாயி" என்றார். நான் தண்ணீர் கொண்டுவரப் போவதுபோல உள்ளே போய் நின்றுவிட்டேன்.

பொங்கலுக்கு வர வேண்டாம். கலைமதியைப் பார்க்க வேண்டுமென்றால் எழுதுங்கள், திருச்சிக்கு அழைத்து வருகிறேன். எண்ணெய்ப் புட்டியையும் ஊசிகளையும் பிரிக்காமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதே எண்ணெய் தஞ்சாவூரில் கிடைக்கிறது.

மிஷினை விற்கவில்லை. காலையில் ஏழு துளைக்கும் விடுகிறேன். விட்டதும் இறங்குகிறது.

செவந்தி